ஒரு ஜமக்காளமும் இரண்டு 1,849 ரூபாயும்

ஈரோட்டில் குடியிருந்துகொண்டு பவானி ஜமக்காளத்தை இணையத்தில் வாங்கியவள் நான். 15 கிலோமீட்டர்தான் தூரம். பஸ் ஏறி முக்கால் மணி நேரத்தில் இறங்கி, கடையில் விரித்துப் போடச் சொல்லி, ஓரத்தைத் தடவிப் பார்த்து வாங்கியிருக்கலாம். ஆனால் 2023 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நாத்தனார் குடும்பம் ஐந்து பேராக வந்து தங்கப்போகிறது என்று தெரிந்த இரவில் மணி பதினொன்றரை. பவானிக்குப் பஸ் இருந்தாலும் கடை திறந்திருக்காது. கைப்பேசியில் தேடினேன். சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஜமக்காளம் ஒன்று, விலை 1,849 ரூபாய். தொட்டேன், முகவரியைச் சரிபார்த்தேன், மறுபடி தொட்டேன், பணம் அனுப்பக் கேட்கும் ரகசிய எண்ணான 'பின்' எண்ணை அழுத்தினேன். நான் பல் துலக்கி முடிப்பதற்குள் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வந்தது ஜமக்காளமே இல்லை. விசைத்தறியில் அடித்த ஏதோ ஒரு வழுவழுப்பான விரிப்பு. காலை வைத்தால் அதுவும் கூடவே நகர்ந்தது. அத்தை, அதாவது என் மாமியார், அதன் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஜமக்காளம் என்று சொன்னது கடைக்காரனா, நீயா?" என்று கேட்டார். அன்றே திருப்பி அனுப்பப் பதிவு செய்தேன். இரண்டாம் நாள் ஆள் வந்து எடுத்துக்கொண்டும் போனார். ஐந்து முதல் ஏழு வேலை நாட்களுக்குள் பணம் திரும்ப வரும் என்று செய்தி வந்தது. வாங்குவதற்கு மூன்று நிமிடம், திரும்ப வாங்குவதற்கு ஏழு நாள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பொறுமையின்மையிலிருந்து தொடங்கியதுதான் மற்றதெல்லாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. போன தொகை பெரிய தொகையும் இல்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது, யாராவது ஒரு கடையில் கைப்பேசியை நீட்டும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிடுகிறது. அது என் தவறா என்ற கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

விலை தெரியாமல் வாங்கும் சுகம்

முதலில் வசதியைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பணத்தை இழந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் பொதுவாக இது இருப்பதில்லை.

எங்கள் வீட்டில் முன்பெல்லாம் இணையத்தில் வாங்கினால் பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் முறைதான். பொருள் கொண்டுவருகிறவர் சரியாக நான் அலுவலகத்தில் இருக்கும்போதுதான் வருவார். அத்தை தம் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "1,240 கொடுத்தேன். பத்து ரூபாய் சில்லறை இல்லை என்றுவிட்டான்" என்பார். அதில் குறை சொல்லும் தொனி எதுவும் இருக்காது. ஆனால் அந்த 1,240 என்ற எண் வீட்டுக் கூடத்தில் இரவு வரை உட்கார்ந்திருக்கும். கணவர் அதைத் தாண்டித்தான் சாப்பிட வருவார். சம்பளம் என்னுடையது, சேலையும் என்னுடையது. இருந்தாலும் அதன் விலை மட்டும் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது.

கைப்பேசியிலேயே பணம் கட்டத் தொடங்கிய பிறகு அந்த எண் கூடத்துக்கு வருவது நின்றுபோனது. பொருள் வரும், விலை வராது. யாராவது கேட்டால் எந்தச் சேலையும் எழுநூறு ரூபாய்தான். எத்தனை பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். விளம்பரங்களில் வேகம், சலுகை, பாதுகாப்பு என்கிறார்கள். என்னைக் கேட்டால், மாமியார் காதில் விலை விழாமல் சேலை வாங்கலாம் என்று எழுதியிருப்பேன்.

அத்தைக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மாமாவும் அவரும் சித்தோடு பக்கம் இருபத்தேழு வருடம் மளிகைக் கடை நடத்தியவர்கள். மாமா போன பிறகு கடையை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். பால்காரர், காய்க்காரர், பூக்கார அம்மா என்று தெருவில் எல்லோரும் கியூஆர் அட்டையை மாட்டிவிட்ட பிறகு, அத்தைக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தம்முடைய வைப்புத்தொகையும் கடை விற்ற பணமும் இருக்கும் வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் சேர்க்கக் கூடாது. வேறு வங்கியில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, அதில் 2,000 ரூபாய் போட்டு, அதை மட்டும் சேர்க்க வேண்டும். "அத்தை, பின் எண் இல்லாமல் யாராலும் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. எதற்கு வீணாக இரண்டு கணக்கு, இரண்டு பாஸ்புக்?" என்று நான் சிரித்தேன். நான் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வங்கிக் கணக்கைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டிய நிலையில் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

உண்டியல்

ஞாயிறு காலை. கணவர் சந்தைக்குப் போயிருந்தார். அத்தை முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு உரிக்க உட்கார்ந்திருந்தார். பொருளைத் திருப்பிக் கொடுத்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. இருந்தும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த விற்பனைத் தளத்தின் பெயரோடு வாடிக்கையாளர் சேவை எண் என்று சேர்த்து இணையத்தில் தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். அந்தத் தளத்தின் செயலிக்குள்ளேயே உதவிப் பகுதி இருந்தது. அங்கே போகாமல் வெளியே தேடியது என் முதல் பிசகு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நல்ல தமிழ், பணிவான குரல், வாக்கியத்துக்கு ஒரு "மேடம்". ஆர்டர் எண்ணைக் கேட்கவே இல்லை. எவ்வளவு தொகை என்று மட்டும் கேட்டார், நானே 1,849 என்றேன். எந்தக் கைப்பேசி எண்ணில் பணம் கட்டினீர்கள் என்று கேட்டார், அதையும் சொன்னேன். "உடனே அனுப்பிவிடுகிறேன் மேடம், திரையில் ஒரு கோரிக்கை வரும், அதை ஏற்றுக்கொண்டால் போதும்" என்றார். வந்தது. 1,849 ரூபாய். குறிப்பில் ரீஃபண்ட் என்று எழுதியிருந்தது. மேலே யாரோ ஒரு தனிநபரின் பெயர். ஊழியராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழுத்தினேன், பின் எண்ணைப் போட்டேன். அடுத்த நொடியில் கணக்கிலிருந்து 1,849 ரூபாய் எடுக்கப்பட்டதாக வங்கிக் குறுஞ்செய்தி வந்தது.

இதோடு நின்றிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். அடுத்து நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. பணம் வருவதற்குப் பதிலாகப் போய்விட்டதே என்று நான் பதறியபோது அவர் பதறவில்லை. "சர்வர் கோளாறில் தலைகீழாகப் பதிவாகிவிட்டது மேடம். அதே தொகையை இன்னொரு முறை போட்டால் பழைய பதிவு ரத்தாகிவிடும். பிறகு இரண்டும் சேர்ந்து திரும்பி வரும்" என்றார். வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். நான் தலையாட்டினேன். ஏனென்றால் பதினாறு வருடமாக நான் செய்துகொண்டிருப்பது அதுதான். தவறான பதிவு விழுந்துவிட்டால் அதை அழிக்க மாட்டோம். அதே தொகைக்கு ஓர் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வோம். அவர் சொன்னது என் தொழில் பாஷையில் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. எதிர்ப்பதிவு என்றால் எதிர்த்திசையில் போக வேண்டும். அதே திசையில் இரண்டாவது முறை போனால் அது எதிர்ப்பதிவு ஆகாது, இரட்டைப் பதிவு. பயிற்சிக்கு வரும் பெண் செய்தால் நான் திட்டும் பிழை. இரண்டாவது 1,849 ரூபாயும் போனது.

மூன்றாவதாக அவர் ஒரு செயலியை நிறுவச் சொன்னார். அதை நிறுவினால் என் திரை அவருக்குத் தெரியுமாம், அவரே சரிசெய்துவிடுவாராம். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்ததால் அத்தைக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:

"ஏங்கண்ணு, அவர் உனக்குப் பணம் கொடுக்கத்தானே போகிறார்?"

"ஆமாம் அத்தை."

"உண்டியலில் காசு போடுவதற்குச் சாவி எதற்கு?"

கையில் பேனாவோடு அப்படியே நின்றேன். உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். வழியில் போகிறவர் போடலாம், கண் தெரியாதவர் போடலாம், இருட்டில் போடலாம். சாவி தேவைப்படுவது திறந்து எடுக்கும் அன்றைக்கு மட்டும்தான். எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. ஒரு முறையாவது அதற்கு நான் பின் எண் போட்டிருக்கிறேனா? இந்த ஒரு விஷயத்தைத்தான் வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் குறுஞ்செய்தியிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. நூறு முறை படித்திருப்பேன். படித்தது தெரிந்த விஷயமாகவே தங்கிவிட்டது. அத்தை கேட்டதுதான் புரிந்தது.

பிறகு கூப்பிடுகிறேன் என்று கைப்பேசியில் சொன்னேன். எதிர்முனைக் குரல் மாறியது. முதலில் "மேடம்" போயிற்று. அடுத்த வாக்கியத்தில் "நீங்கள்" போய் "நீ" வந்தது. இப்போது வைத்தால் மொத்தப் பணமும் முடங்கிவிடும் என்று மிரட்டல். அந்த "நீ"யைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுதாக விடிந்தது. துண்டித்தேன்.

"நீங்களே அனுமதித்தது"

உடனே 1930க்கு அழைத்திருக்க வேண்டும். அது இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு. எனக்கு இது தெரியும். அலுவலகப் பலகையில் அந்த எண்ணை அச்சிட்டு ஒட்டியவளே நான்தான். ஆனாலும் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் அழைத்தேன். இடையில் இருந்த இருபத்து மூன்று மணி நேரமும் வெட்கத்தில் போனது. கணவரிடம் எப்படிச் சொல்வது, அலுவலகத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திருடனுக்கு நான் கொடுத்த மிகப் பெரிய சலுகை அந்த ஒரு நாள்தான். புகார் பதிவானது, பதிவு எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

வங்கிக் கிளையில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியைப் பார்த்துவிட்டு, "மேடம், இது நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை" என்றார். அந்த "மேடம்" என்ற சொல்லே எனக்குக் கசந்தது. அவர் சொன்னதில் தவறில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று அப்போது நடைமுறையில் இருந்தது. அதன்படி, நமக்குத் தெரியாமல், நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல், வேறெங்கோ நடந்த கோளாறால் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு இழப்பு இல்லை. வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கியுடையது. 2019 ஜனவரியில் வங்கியல்லாத நிறுவனங்களின் வாலட்டுகளுக்கும், அதாவது பணம் போட்டுவைக்கும் கைப்பேசிப் பைகளுக்கும், இதே மாதிரி விதி வந்தது. நல்ல விதி. ஆனால் அதன் வாசற்படியே அனுமதியில்லாத பரிவர்த்தனை என்ற சொல்தான். நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். பின் எண்ணை நான் யாரிடமும் சொல்லவில்லை. போட வேண்டிய இடத்தில்தான் போட்டேன். ஆகவே அனுமதித்தேன்.

அனுமதித்தேனா? இங்கேதான் என் மனம் இன்றுவரை இரண்டாக நிற்கிறது. பணத்தை அனுப்ப அனுமதித்தேன் என்று இயந்திரத்துக்குத் தெரியும். பெற்றுக்கொள்ள அனுமதிப்பதாக நினைத்தேன் என்று எனக்குத் தெரியும். சொத்துப் பத்திரத்தில் எழுதியிருப்பதை மாற்றிச் சொல்லிப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் கைநாட்டு வாங்கினால், ஊரில் யாரும் அதைப் பாட்டி எழுதிக் கொடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் படிக்கத் தெரியாதவள் இல்லையே என்று உடனே எனக்கே பதில் வருகிறது. செலுத்து என்ற பொருளில் ஒரு பொத்தான் திரையில் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை, அழுத்தினேன்.

ஆனால் அந்தப் பொத்தான் ஏன் என் திரைக்கு வந்தது என்று கேட்கும் உரிமையும் எனக்கு இருக்கிறதல்லவா? முகம் தெரியாத ஒருவர், என் கைப்பேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, என்னிடம் பணம் கேட்டு என் வீட்டுக்குள் ஒரு சீட்டை நீட்ட முடிந்தது. அந்தச் சீட்டில் ரீஃபண்ட் என்று அவர் விருப்பத்துக்கு எழுதவும் முடிந்தது. தனிநபருக்குத் தனிநபர் இப்படிக் கேட்பதற்கு 2,000 ரூபாய் வரம்பு இருந்ததால்தான் பெரிய தொகையாகப் போகவில்லை. ஜமக்காளம் 1,849 என்பதும் அவருக்கு வசதியாக அமைந்துவிட்டது. வங்கிக் கணக்கிலிருந்து கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் யுபிஐ முறையில், 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையே இந்தக் கோரிக்கை வசதியையே, அதை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் (என்பிசிஐ) நிறுத்திவிட்டது. செய்தியைப் படித்த அன்று கணவரிடம் காட்டினேன். "பார்த்தீர்களா, கதவிலேயே ஓட்டை இருந்திருக்கிறது" என்றேன். அவர், "ஓட்டை எல்லார் வீட்டுக் கதவிலும்தான் இருந்தது" என்றார். இருபது வருடக் குடும்பத்தில் சில பதில்களை அப்படியே விட்டுவிட வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. பொருளைத் திருப்பிக் கொடுத்த எட்டாவது நாள், அலுவலகத்தில் வேலையாக இருந்தபோது ஒரு குறுஞ்செய்தி. கணக்கில் 1,849 ரூபாய் வரவு. விற்பனைத் தளம் அனுப்பியது. யாரும் அழைக்கவில்லை, எதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை, எந்த எண்ணும் கேட்கவில்லை. உண்டியலில் காசு விழுவது போல விழுந்தது.

கல்லாப்பெட்டியும் இரும்புப்பெட்டியும்

எனக்குப் பயம் தாமதமாகத்தான் வந்தது. அந்த வாரம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்து வாங்கிய 2,80,000 ரூபாய் அதே கணக்கில் இருந்தது. அவர் கேட்ட செயலியை நிறுவியிருந்தால் என் குறுஞ்செய்திகள், கடவு எண்கள் எல்லாம் அவர் கண்முன் இருந்திருக்கும். யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள்ளேயே அன்று ஒரு லட்சம் போயிருக்கலாம். ஜமக்காளத்துக்குப் பணம் கட்டிய அதே கைப்பேசி, அதே நான்கு எண்கள், மகளின் படிப்புப் பணத்துக்கும் சாவியாக இருந்திருக்கிறது. பதினாறு வருடம் கணக்கு எழுதியவளுக்கு இது தோன்றவே இல்லை. மளிகைக் கடைக்கார அம்மாவுக்கு முதல் நாளே தோன்றியிருக்கிறது.

அத்தையிடம் கேட்டேன். அவருக்கு இதில் பெருமை எதுவும் இல்லை, கடை வழக்கம் அவ்வளவுதான் என்றார். கடையில் கல்லாப்பெட்டி இருக்கும். அதில் அன்றைய சில்லறையும் மதியம் வரையிலான வியாபாரமும் மட்டும். மதியம் ஒரு முறையும் இரவு ஒரு முறையும் பணம் வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் இரும்புப்பெட்டி. அதன் சாவியை மாமா கடைக்குக் கொண்டுவரவே மாட்டாராம். "கடையில் நான்கு பேர் வருவார்கள். ஏமாறுகிற நாள் ஒரு நாள் வரத்தான் செய்யும். அன்றைக்குக் கல்லா மட்டும் போகட்டும் என்பார்" என்றார் அத்தை. ஏமாற மாட்டேன் என்று மாமா எங்கும் சொல்லவில்லை. ஏமாறுவேன் என்று வைத்துக்கொண்டு, எவ்வளவுக்கு ஏமாறலாம் என்பதை மட்டும் முன்னாலேயே முடிவு செய்திருக்கிறார்.

இதை வைத்துப் பார்த்தால் வாலட் என்ற சொல்லில்தான் குழப்பமே இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு நாமெல்லாம் வங்கி வாசலில் நின்றபோது ஊரெங்கும் பரவியவை நிஜமான வாலட்டுகள். வங்கியிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்து அதில் போட்டு, போட்டதைச் செலவழிக்க வேண்டும். முழு அடையாளச் சரிபார்ப்பு செய்யாத வாலட்டில் 10,000 ரூபாய்க்கு மேல் வைக்க ரிசர்வ் வங்கி இப்போதும் விடுவதில்லை. முழுதாகச் சரிபார்த்தாலும் 2 லட்சம்தான். அது கல்லாப்பெட்டி. பாட்டிமார்கள் இடுப்பில் செருகிய சுருக்குப்பை. அதே 2016இல் தொடங்கிய யுபிஐ, மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பணத்தை எடுத்துப் போட வேண்டிய வேலை இல்லை, நேரே வங்கிக் கணக்கிலிருந்தே போகும். பெரிய வசதி. ஆனால் வீட்டு இரும்புப்பெட்டியைத் தூக்கிவந்து கடை வாசலில் வைத்த வசதி. நாம் மட்டும் இன்னும் பை என்ற நினைப்பிலேயே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

பூட்டு மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் நம் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்தான் அவர்களிடம் இருக்கும். அந்தக் கடையிலிருந்து அதைத் திருடிக்கொண்டு போய் வேறு கடையில் நீட்டினால் செல்லாது. இந்த மாதிரி வேலைகளை யார் செய்தார்களோ அவர்களுக்கு ஒரு வணக்கம். பூட்டை உடைக்க முடியாததால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் இவ்வளவு பணிவாகப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது நானும் அத்தை வழிக்கு வந்துவிட்டேன். பழைய வேலையில் திறந்து கிடப்பில் போட்டிருந்த ஒரு சம்பளக் கணக்கைத் தூசி தட்டி, அதை மட்டும் கைப்பேசியோடு இணைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் அதில் 6,000 ரூபாய். பூக்கார அம்மாவுக்கும் தேநீருக்கும் யுபிஐ லைட். அதில் ஒரு முறைக்கு 1,000 வரைதான் செலவழிக்க முடியும், மொத்தமாக 5,000 வரைதான் வைக்க முடியும், பின் எண்ணும் கேட்காது. பின் எண் கேட்காத ஒன்றை அதிகப் பாதுகாப்பு என்று நான் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். அதில் நானூறு ரூபாய்தான் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமான பூட்டு.

இதனால் தொல்லையும் உண்டு. சலுகை நள்ளிரவோடு முடிகிறது என்று ஒரு மிக்ஸியைக் கூடையில் போட்டு, பணம் கட்டப் போனால் கணக்கில் இல்லை. இன்னொரு கணக்கிலிருந்து மாற்ற வேண்டுமானால் மடிக்கணினியை எடுத்துத் திறக்க வேண்டும். அலுப்பில் படுத்துவிடுவேன், காலையில் விலை ஏறியிருக்கும். இப்படி 900 ரூபாய் நஷ்டப்பட்டிருக்கிறேன் என்று கணவர் எழுதியே வைத்திருக்கிறார். கூடவே ஒரு மூன்றாவது வகைப் பையும் இருக்கிறது, அதைப் பற்றி நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால், வங்கிக்கு அனுப்ப ஒரு வாரம் ஆகும், எங்கள் வாலட்டில் வாங்கிக்கொண்டால் இப்போதே தருகிறோம் என்று சில தளங்கள் ஆசை காட்டும். அந்த வாலட்டுப் பணத்தை அந்தக் கடையிலேயே செலவழிக்க வேண்டும். சித்தோட்டுக் கடையில் சில்லறை இல்லாதபோது மாமா மிட்டாய் கொடுப்பாராம். அதற்கே ஒரு வாத்தியார் தினமும் சண்டைக்கு வருவாராம். இங்கே 1,800 ரூபாய்க்கும் மிட்டாய் கொடுக்கிறார்கள், நாம் உடனே கிடைத்ததே என்று மகிழ்ந்து வாங்கிக்கொள்கிறோம்.

சென்ற மாதம் நானும் அத்தையும் பவானிக்குப் போனோம். கூடுதுறையில் கும்பிட்டுவிட்டு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். அத்தை ஏழு ஜமக்காளங்களை விரிக்கச் சொன்னார். எட்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பணம் நான் தருகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. முன்தினமே தம் கைப்பேசிக் கணக்கில் பணம் போட்டு வைத்திருந்தார்.

கியூஆர் அட்டையைப் படம் பிடித்ததும் திரையில் பெயர் வந்தது. அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். பிறகு சுவரில் எழுதியிருந்த சங்கத்தின் பெயரைப் படித்தார். மறுபடி திரையைப் படித்தார். எங்களுக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் இருமினார். எனக்கு அவசரப்படுத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தொகையைப் போட்டார், போட்டதைக் கடைக்காரரிடம் காட்டினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையைக் கைப்பேசிக்கு மேல் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பின் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

மேசை மேல் இருந்த சிறு ஒலிப்பெட்டி, 2,350 ரூபாய் பெறப்பட்டது என்று கடைக்கு வெளியே தெரு வரைக்கும் கேட்கும்படி அறிவித்தது. பின்னால் நின்ற மூன்று பேரும் எங்களையும் ஜமக்காளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு கடைக்காரரிடம் கேட்டார்: "ஏங்க, இவ்வளவு சத்தமாகவா விலையைச் சொல்ல வேண்டும்?"